ஆபீசுக்கு ஒரு போன்

அத்தியாயம் 11

கொழும்புப் பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்று கேட்டபோது ஆறுதல் இல்லத்தை நடத்தும் சிஸ்டர் மெரினாவின் வாயிலிருந்து சிவகௌரி என்ற பெயர் வந்ததையும், அன்றைக்குச் சுகிர்தத்துக்குச் சோறு இறங்காததையும் போன வாரம் பார்த்தோம். இந்த வாரமாவது இறங்கியதா என்று கேட்காதீர்கள். பொறாமை பிடித்த தொண்டையில் கஞ்சிகூட இறங்காது.

பயிற்சியின் பெயர் முழ நீளம், விஷயம் என்னவோ சின்னதுதான். சாகக் கிடக்கிறவர்களை அவரவர் ஊர் வழக்கம், சாமி வழக்கம் தெரிந்து மனசு நோகாமல் பார்த்துக்கொள்வது எப்படி? அதிலும் குறிப்பாகத் தேயிலைத் தோட்டத்துச் சனங்களை. ஹட்டனுக்கு மேலே மேட்டில் இருக்கும் ஆறுதல் இல்லத்தில் சுகிர்தம் பதினாறு வருடமாக அட்டெண்டன். தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவள். எத்தனையோ பேரின் கடைசி நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். அவளை வைத்துக்கொண்டு, சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இரண்டு வருட நர்ஸ் மிஸ்ஸியை அனுப்பினால் வயிறு எரியுமா, எரியாதா? அந்த மிஸ்ஸி அவள் வளர்த்த தம்பியின் பெண்டாட்டியாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

சிவகௌரி போனாள், நாலு நாளில் சான்றிதழோடு வந்தாள். இன்று செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் தோட்டத்து டிஸ்பென்சரிகளிலிருந்தும் முப்பத்தைந்து பேர் இல்லத்துக்கு வரப்போகிறார்கள். அவர்களுக்கு அவள்தான் வகுப்பெடுக்கிறாள். அதைப் பார்க்கப் பயிற்சி கொடுத்த கொழும்பு டொக்டர் அம்மாவும் வருகிறார்.

காலை ஆறரைக்கே தம்பி நிதுஷன் இஸ்திரிப் பெட்டியோடு நின்றான். ஹட்டனில் பள்ளிக்கூட வாத்தியார். முப்பது வயது வரை தன் சட்டையை அக்காதான் தேய்க்க வேண்டும் என்று இருந்த மகராசன், இப்போது பெண்டாட்டியின் சேலையை விரித்துப் போட்டு ஓரம் மடங்காமல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, தேத்தண்ணி ஆச்சா? கௌரி வெறும் வயித்தோட போகப் போறா."

"எனக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்கு நிது," என்றாள் சுகிர்தம்.

அவன் காதில் விழவில்லை. விழுந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பான்.

அம்மா கண்ணை மூடியபோது அவனுக்கு ஒன்பது வயது, சுகிர்தத்துக்கு இருபத்திரண்டு. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அவனைப் படிக்க வைத்தாள். தனக்கென்று வந்த இரண்டு மாப்பிள்ளைகளையும் திருப்பி அனுப்பினாள். இதையெல்லாம் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. மனசுக்குள் மட்டும் ஜெபமாலை உருட்டுவதுபோல ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டிருப்பாள்.

"அக்கா, வாங்கோ, ஒண்டாப் போவம். பஸ் வந்திடும்," என்று சிவகௌரி செருப்பை மாட்டிக்கொண்டே கூப்பிட்டாள்.

இந்த 'அக்கா'தான் சுகிர்தத்துக்கு ஆகவே ஆகாது. உலகத்தில் அவளை அப்படிக் கூப்பிட ஒருத்தன்தான் இருந்தான். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே இவள் கேட்காமல் கொள்ளாமல் அதையும் எடுத்துக்கொண்டாள்.

"நீ போ. எனக்குக் கதவு பூட்டணும்," என்றாள்.

கதவைப் பூட்ட எத்தனை நேரம் ஆகும்? அடுத்த பஸ்ஸில்தான் போனாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்து குத்தியது. மாதா கோயில் பூசை முடிந்து சுகிர்தம் வீட்டுக்கு வந்ததும் சிவகௌரி நாலு பக்கத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்திருந்தாள்.

"வகுப்புக்கு எழுதினது. வாசிச்சுப் பாருங்கோ அக்கா. இந்தச் சனங்களைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும். பிழை இருந்தால் சொல்லுங்கோ, என்ன?"

சுகிர்தம் அடுப்படியில் நின்றபடியே வாசித்தாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. 'நோயாளி உறவினரைக் காண விரும்பினாலோ, அவரது நிலை மாறினாலோ தாமதிக்காமல் தோட்டத்து ஆபீசுக்குத் தொலைபேசியில் அறிவித்து, உறவினரை உடனே வரச் சொல்லவும்.'

அடி பைத்தியக்காரி என்று நினைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து தோட்டத்து ஆபீசுக்கு போன் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உயிரோடு இருக்கிறவனுக்காக ஆபீஸ் ஆள் அனுப்பாது. கிளாக்கர் ஐயா கணக்கப்பிள்ளையிடம் சொல்வார், கணக்கப்பிள்ளை மலைக்கு ஆள் அனுப்புவார், மலையில் கொழுந்துக் கூடைகள் இறங்கி வேலை நின்றுவிடும். செத்த செய்தியை நம் ஆட்கள் யாராவது பட்டென்று சொல்வார்களா? 'ஒங்கள வரச் சொன்னாங்க' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதனால் நிஜமாகவே வரத்தான் சொன்னாலும் கேட்கிறவர்களுக்குப் புரிவது, ஆள் போய்விட்டார் என்றுதான்.

சுகிர்தம் ஒருநாளும் ஆபீசுக்குப் போன் எடுக்க மாட்டாள். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் செல்லசாமியின் வெற்றிலைக் கடை இருக்கிறது. அங்கே ஒரு வார்த்தை சொன்னால் பஸ் கண்டக்டர் வழியாகத் தோட்டத்துச் சந்திக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கட்டாயம் ஏதாவது கொண்டுவரச் சொல்ல வேண்டும். 'வரும்போது ரெண்டு வெத்தில, ஒரு துண்டு பொகையில கொண்டாரச் சொன்னாரு.' புகையிலை கேட்கிற ஆள் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லாமலே விளங்கிவிடும். இது எந்தக் கொழும்புத் தாளிலும் இல்லை, சுகிர்தத்தின் தலைக்குள்தான் இருந்தது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து நிதுஷன் முற்றத்திலிருந்து, "கௌரி, நீ எழுதினா அதுல பிழையே இருக்காது," என்று பெருமையாகச் சொன்னான்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்று சுகிர்தம் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வகுப்பில் யாராவது ஒரு தோட்டத்துப் பொம்பளை எழுந்து, இது தப்பு மிஸ்ஸி என்று சொல்வாள். டொக்டர் அம்மாவுக்கு முன்னால் சான்றிதழ்க்காரியின் முகம் தொங்கும். அவ்வளவுதான் அவள் ஆசைப்பட்டது. பெரிய பாவமா என்ன என்று தனக்குத்தானே கேட்டும்கொண்டாள்.

ஆனால் யாரும் எழும்பவில்லை. சிவகௌரி மூன்றாம் பக்கத்தைச் சத்தமாக வாசித்தாள். பின்வரிசையில் இருந்த தோட்டத்துப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள், பிறகு தலையைக் குனிந்துகொண்டார்கள். வெள்ளை உடுப்பு மிஸ்ஸிமாருக்கு முன்னால் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்று சுகிர்தத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதினாறு வருடமாக அவளும் அப்படித்தானே இருந்தாள்.

அத்தோடு விட்டாளா சிவகௌரி?

"நீங்கள் சாகப் போறியள், கடைசி ஆசை என்ன எண்டு ஒருத்தரிட்டயும் கேக்கக் கூடாது," என்று தொடர்ந்தாள். "எங்கட அக்கா கேக்கிற மாதிரிக் கேளுங்கோ. யாரு கண்ணுக்குள்ள நிக்கிறாங்க? அவ்வளவுதான். அவையளே எல்லாம் சொல்லுவினம்."

டொக்டர் அம்மா கைதட்டினார். முப்பத்தைந்து பேரும் தட்டினார்கள்.

சுகிர்தம் வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்றிருந்தாள். தன் கேள்விதான். தன்னைச் சொல்லித்தான் சொன்னாள். ஆனால் கைதட்டல் யாருக்கு விழுந்தது? காலையிலிருந்து புகைந்துகொண்டிருந்தது அப்போதுதான் குப்பென்று பற்றியது.

தேத்தண்ணி நேரத்தில் எல்லாரையும் நோயாளிகள் இருக்கும் வாட்டுக்குக் கூட்டிப் போனாள் சிவகௌரி. ஜன்னலோரம் மூன்றாம் கட்டிலில் வீரய்யா. உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம். முப்பது வருடம் தேயிலைச் செடி வெட்டக் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை இப்போது போர்வையைப் பிடித்துக்கொண்டிருந்தது. நெஞ்சில் வந்த நோய் முற்றிவிட்டது, இனிச் செய்ய ஒன்றுமில்லை. ஆனாலும் மனிதர் குஷியாக இருந்தார், காரணமும் இருந்தது. சனிக்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்ப டொக்டர் சம்மதித்திருந்தார். தன் காம்பராவில், தன் பெண்டாட்டி பக்கத்தில் கடைசி நாட்களைக் கழிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. சனிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, யாரு கண்ணுக்குள்ள நிக்கிறாங்க?" என்று சிவகௌரி கேட்டாள். மலையகப் பேச்சு அவள் வாயில் கொஞ்சம் தடுக்கியது.

"வேற யாரு மிஸ்ஸி, அம்மாக்கண்ணுதான். நாலு நாளா ஆளக் காணோம். சனிக்கெழம பாக்கத்தான் போறேன், இருந்தாலும் இன்னைக்கி மனசு கேக்குது."

"இண்டைக்கே வரச் சொல்லுவம்," என்ற சிவகௌரி சட்டென்று திரும்பினாள். "அக்கா, ஒபீசுக்கு எடுக்கட்டே? சரிதானே?"

முப்பத்தைந்து பேருக்கு முன்னால் கேட்டாள். பாசாங்கில்லாமல் கேட்டாள். வேண்டாம் என்ற ஒரு சொல் போதும்.

"நீதான் படிச்சிட்டு வந்திருக்கியே," என்றாள் சுகிர்தம். "ஒனக்குத் தெரியாததா?"

சிவகௌரி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தாள். ஒரு நிமிடத்தில் நடைபாதையில் அவள் குரல் கேட்டது. "ஹலோ, ஹலோ. ஆறுதல் இல்லத்தில இருந்து கதைக்கிறன். வீரய்யாவின்ட மனுசியை உடனே வரச் சொல்லுங்கோ. ஓம், இண்டைக்கே." அதற்குள் லைன் அறுந்துவிட்டது. மறுபடி எடுக்கத் தேவையில்லை என்று நினைத்து அவள் வகுப்புக்குப் போய்விட்டாள்.

அழுதுகொண்டு வருவாள் அம்மாக்கண்ணு, ஆள் உயிரோடு இருப்பதைப் பார்த்துச் சிரிப்பாள், இவள் முகத்தில் கரி விழும். சுகிர்தம் இவ்வளவுதான் கணக்குப் போட்டிருந்தாள். ஆனாலும் கை வேலையில் நிற்கவில்லை. ஒரு கட்டிலுக்கு இரண்டு தரம் விரிப்பு மாற்றினாள்.

பதினொன்றரைக்குப் போனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஆபீஸ் நம்பர் சுவரில் ஒட்டியிருந்தது. ஆள் நல்லா இருக்காரு, வெத்தில கொண்டாரச் சொன்னாரு என்று சொன்னால் முடிந்துவிடும். போனைக் கையில் எடுத்தும்விட்டாள். அந்த நேரம் வகுப்பறையில் மறுபடியும் கைதட்டல் கேட்டது.

போனைக் கீழே வைத்துவிட்டாள்.

மூன்று மணி இருக்கும். லொறிச் சத்தத்துக்கு முன்னால் ஒப்பாரிச் சத்தம் மேடேறி வந்தது. தோட்டத்து லொறி கேட்டுக்குள் திரும்பி ஜன்னலுக்கு நேரே நின்றது. பின்னால் எட்டுப் பத்துப் பெண்கள் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், தோட்டத்தில் கொடுத்தனுப்பிய புதுப் பலகைப் பெட்டி.

பெட்டியைச் சுகிர்தம் நினைத்தே பார்க்கவில்லை. போன் வந்தால் தோட்டம் பெட்டி கொடுக்கும், லொறி கொடுக்கும், குழி வெட்ட இரண்டு ஆள் கொடுக்கும். எல்லாம் தெரிந்தவள்தான். பொறாமை கண்ணை மறைத்துவிட்டது.

வீரய்யா தலையணையில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தார். லொறியிலிருந்து குதித்த சோலைமலை, அம்மாக்கண்ணுவின் தம்பி, வாட்டுக்குள் ஓடிவந்து அவரைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான்.

"மச்சான்," என்றான்.

"பெட்டி எனக்கா சோலமல?" என்று வீரய்யா கேட்டார். "நீளம் பத்தாது போல இருக்கே."

சோலைமலை தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தான்.

"ஆபீஸ்ல வந்து சொன்னாங்க மச்சான். அதான் எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணிட்டு..."

"குழி?"

சோலைமலை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"வெட்டியாச்சா. வெட்டுன குழிய வெறுமனே மூடக் கூடாதுப்பா. ஒரு கோழியாச்சும் போட்டு மூடச் சொல்லு," என்றார். பேச்சு இருமலாக மாறியது. இருமல் அடங்கியபோது கண் வாசலில் நின்றது.

வாசலில் அம்மாக்கண்ணு. நெற்றியில் பொட்டு அழிந்திருந்தது. கையில் ஒரு வளையல்கூட இல்லை, உடைத்த இடத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. கணவன் உயிரோடு இருப்பதைப் பார்த்தவள் உள்ளே ஓடிவரவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"உள்ள வா புள்ள," என்றார் வீரய்யா.

"இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு எப்பிடிங்க வருவேன்?" என்று சுவரைப் பார்த்துக்கொண்டே அழுதாள். "உசிரோட இருக்குற மனுசனுக்கு ஒப்பாரி வச்சிட்டேனே. நானே என் கையால பொட்ட அழிச்சிட்டேனே."

நடைபாதை முழுக்க வகுப்புக்கு வந்தவர்கள். டொக்டர் அம்மா ஒன்றும் புரியாமல் நின்றார். சிஸ்டர் மெரினா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஆபீசுக்கு யார் எடுத்தது?"

"நான்தான் சிஸ்டர்," என்றாள் சிவகௌரி. முகத்தில் துளி இரத்தமில்லை. எந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று மூன்று நாளாக ஆசைப்பட்டாளோ அந்த முகம் இதோ இருந்தது. சுகிர்தத்தால் அதைப் பார்க்க முடியவில்லை.

நின்றுகொண்டிருந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று மட்டும் தெரிந்தது. கை கால் தானாக வேலை செய்யத் தொடங்கியது. சோலைமலையிடம் லொறியைக் கேட்டுக்கு வெளியே எடுக்கச் சொன்னாள். அம்மாக்கண்ணுவைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் முகம் கை கழுவ வைத்து, சமையலறை மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்துத் தலையில் தெளித்தாள்.

"கௌரி, ஒன் குங்குமச் சிமிழக் குடு."

சிவகௌரி கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வகுப்புக்கு வந்திருந்த மருத்துவிச்சி அழகுமுத்து கேட்காமலே தன் கண்ணாடி வளையல்களைக் கழற்றி நீட்டினாள். சுகிர்தம் அம்மாக்கண்ணுவைத் தோளோடு அணைத்துக் கட்டிலடிக்குக் கொண்டுவந்து, சிமிழை வீரய்யாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்களே வைங்கண்ணே. நீங்க இருக்கும்போது வேற யாரு வைக்கிறது?"

அவர் விரல் நடுங்கிக் குங்குமம் மூக்கிலும் விழுந்தது. நெற்றியில் வந்து நின்றதும் அம்மாக்கண்ணு அவர் மடியில் முகத்தை வைத்து வாய்விட்டு அழுதாள். நடைபாதையில் நின்ற பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். சோலைமலை சுகிர்தத்தைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அம்மா, சனிக்கெழம அவர அனுப்ப வேணாம். அங்க குழி வெட்டியாச்சு. குழி வெட்டுன மண்ணுக்கு ஆள உடனே கொண்டுபோனா பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க. ஒரு மாசமாச்சும் போகட்டும்னு சொல்லுவாங்க."

அவருக்கு ஒரு மாதம் இல்லை. அது சோலைமலைக்கும் தெரியும். கட்டிலில் இருந்த மனிதருக்கும் காது நன்றாகக் கேட்டது. அவர் அம்மாக்கண்ணுவின் தலையைத் தடவியபடி, "சரி விடு," என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு சனிக்கிழமையைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை.

நாலரைக்கு சிஸ்டர் மெரினா அறைக்குக் கூப்பிட்டார். டொக்டர் அம்மா சுகிர்தத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இவ்வளவு தெரிந்த ஒருவரை வெளியே நிறுத்திவிட்டு நாங்கள் உள்ளே வகுப்பு நடத்தியிருக்கிறோமே என்று வருத்தப்பட்டார்.

"வியாழக்கிழமை நுவரெலியாவில் அடுத்த வகுப்பு," என்றார் சிஸ்டர். "அதை நீதான் எடுக்கிறாய். இனி மாவட்டம் முழுக்க நீதான். கௌரி நடந்ததை எழுதித் தரட்டும், அவளை வாட்டு வேலையோடு வைத்துக்கொள்கிறேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்கள். விழுந்தது, ஆனால் பால் திரிந்து கிடந்தது. 'சரி சிஸ்டர்' என்று சொல்லிவிட்டு வெளியே வந்த சுகிர்தத்துக்கு வாயெல்லாம் கசந்தது.

பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே இருக்கையில்தான் வந்தார்கள். சிவகௌரி வழிநெடுக ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் நிதுஷன் ரொட்டி சுட்டுச் சம்பல் இடித்து வைத்திருந்தான். விஷயம் அதற்குள் அவன் காதுக்கு வந்துவிட்டது. ஹட்டனில் எது வராது? மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வெளியே இன்னும் முழுசாக இருட்டவில்லை.

சிவகௌரி வகுப்புத் தாள்கள் இருந்த தன் பைலை மேசையில் சுகிர்தத்தின் பக்கமாக நகர்த்தினாள்.

"இனி இது உங்களுக்குத்தானே அக்கா. வியாழக்கிழமைக்குத் தேவைப்படும்."

சுகிர்தம் அதைத் தொடவில்லை.

"ஒண்டு கேக்கட்டே," என்றாள் சிவகௌரி. "ஒபீசில இருந்து வரச் சொன்னால் செத்த செய்தி எண்டு எல்லாருக்கும் தெரியுமாமே. போகேக்க அந்தத் தோட்டத்துப் பொம்பிளையள் எல்லாரும் சொல்லிச்சினம். உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், என்ன?"

நிதுஷன் முந்திக்கொண்டான். "அக்காவுக்குத் தெரியாம இருக்குமா? பாவம், அவங்க ஒன் தாளப் பாத்திருக்க மாட்டாங்க. பாத்திருந்தா விட்டிருப்பாங்களா?"

நல்ல வழி. தம்பியே கதவைத் திறந்து வைத்துவிட்டான், தலையை ஆட்டினால் போதும். தாளை ஞாயிற்றுக்கிழமையே கொடுத்தேனே என்று சிவகௌரி இப்போது சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. சுகிர்தத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுகிர்தத்துக்கு வீரய்யா 'சரி விடு' என்று சொன்ன குரல் காதில் கேட்டது.

"பாத்தேன் நிது," என்றாள். "ஞாயித்துக்கெழமையே பாத்தேன். தப்புன்னு தெரியும். இன்னைக்கிக் காலையில என்னையக் கேட்டா. அப்பவும் சொல்லல்ல."

ரொட்டியைப் பிய்த்த நிதுஷனின் கை அப்படியே நின்றது.

"ஏன் அக்கா?" என்று சிவகௌரி கேட்டாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"நீ தோக்கணும்னு இருந்திச்சு." சுகிர்தம் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீ வந்து எல்லாத்தையும் எடுத்துக்கிட்ட. இவன எடுத்துக்கிட்ட. நான் பதினாறு வருசமாப் பாத்த வேலைய எடுத்துக்கிட்ட. அக்கான்னு இவன் கூப்பிடுறதக்கூட எடுத்துக்கிட்ட. எனக்குன்னு என்னா இருக்கு? ஒருநாள், ஒரே ஒருநாள் நீ எல்லாருக்கும் முன்னால தலையக் குனியணும்னு நெனச்சேன். அந்த மனுசன நெனக்கல்ல."

"அவரு சனிக்கெழம வீட்டுக்குப் போக இருந்தாரு," என்றான் நிதுஷன். அவன் அக்காவோடு அந்தக் குரலில் பேசியதேயில்லை. எழுந்துபோய்க் கையைக் கழுவினான், திரும்பி வந்து உட்காரவில்லை. "நாளைக்கி நீங்களே சிஸ்டர்கிட்ட சொல்லிருங்க. இல்லன்னா நான் போய்ச் சொல்லுவேன்."

சுகிர்தம் தலையாட்டினாள்.

சிவகௌரி கையிலிருந்த ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்தாள். பிறகு மெதுவாக, "அப்ப இந்த வீட்டில நான் இவ்வளவு நாளும் தனியத்தான் இருந்திருக்கிறன்," என்றாள்.

அழுவாள் என்று சுகிர்தம் நினைத்தாள். திட்டினாலாவது நன்றாக இருக்கும். சிவகௌரி இரண்டையும் செய்யவில்லை. தட்டுகளை ஒதுக்கிவிட்டுப் பைலைத் தன் பக்கம் இழுத்தாள். அந்த நாலு பக்கத்தை எடுத்து விரித்தாள். பேனாவால் மூன்றாம் பக்கத்து வரியை அடித்தாள்.

"வேற எங்கை பிழை இருக்கு?"

சுகிர்தம் நிமிரவில்லை.

"நீங்கள் வடிவா வாசிச்சனீங்கள். இது ஒண்டு மட்டும் உங்கட கண்ணில பட்டிருக்காது. சொல்லுங்கோ, மொத்தம் எத்தினை?"

சுகிர்தம் நாலு பக்கத்தையும் ஒரு தரம் புரட்டினாள்.

"ஏழு," என்றாள்.

சிவகௌரி பேனாவை மேசையில் வைத்தாள்.

"இண்டைக்கு முப்பத்தஞ்சு பேரும் ஆளுக்கொரு பிரதி கொண்டு போயிட்டினம் அக்கா," என்றாள். "நாளைக்கு விடிய வாட்டில அதைப் பாத்துத்தான் வேலை செய்யப் போகினம்."